பிள்ளையார் சுழியிட்டு ஒரு ஜப்பான் யாத்திரை

கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு அண்மையில் பீமரத சாந்தி இனிதே நடந்தேறியது. வைபவம் முடிந்த மறுநாள், பெற்றோர் இருவரும் இதுவரை காணாத ஒரு தேசத்துக்குச் சென்றுவர வேண்டும் என்றும், செலவு தங்கள் பொறுப்பு என்றும் பிள்ளைகள் வேண்டிக்கொண்டனர். காசியும் ராமேசுவரமும் பத்ரியும் கண்டாயிற்று. எங்கே செல்வது என்ற பேச்சு எழுந்தபோது, அம்மையார் தயங்காமல் ஜப்பான் என்றார். அந்நாட்டில் கலைமகளுக்குக் கோயில்கள் உண்டு என்று முன்னொரு சரஸ்வதி பூஜை நாளில் ஒரு சொற்பொழிவில் கேட்டது அவர் நெஞ்சில் தங்கியிருந்தது.

ஆசிரியர் அன்று மாலையே தாளும் எழுதுகோலும் எடுத்தார். அதிவேக ரயில்கள் ஓடும் நாடு. ஏழு நாள் ரயில் பாஸ் ஒன்று வாங்கினால் எங்கும் செல்லலாம் எனக் கேள்விப்பட்டிருந்தார். டோக்கியோ, நிக்கோ, கியோட்டோ, நாரா, இகோமா, கோயாசான், ஹிரோஷிமா, மியாஜிமா என எட்டு ஊர்களை ஏழு நாள்களுக்குள் அடுக்கி முடித்தார். மறுபடி ஒருமுறை வர வாய்க்குமா என்ற ஏக்கமே அந்தப் பட்டியலை நீட்டியது.

அம்மையார் தாளை வாங்கிப் பார்த்தார். “தலைப்பில் பிள்ளையார் சுழி இல்லையே” என்றார். பின்பு, “இதில் என் முழங்காலுக்கு எந்த ஊர் ஒதுக்கியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

ஆசிரியர் பதில் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளாகப் படியேற இயலாத வலி அது. சுவாமிமலையின் அறுபது படிகளைக் கடந்த ஆண்டு அவர் அடிவாரத்தில் நின்றே வணங்கித் திரும்பியிருந்தார். அந்தத் தாள் கிழிக்கப்பட்டது. புதிய தாளின் உச்சியில் சுழி இடப்பட்டது. யாத்திரைத் திட்டம் உண்மையில் அப்போதுதான் தொடங்கியது.

பாரதத்துத் தெய்வங்கள் பலர் பௌத்த சமயத்தின் காவல் தேவதைகளாகச் சீனம் வழியே ஜப்பானை அடைந்தவர்கள். சரஸ்வதி அங்கே பென்ஸைதென். கையில் வீணைக்கு நிகரான பீவா என்னும் நரம்புக் கருவி. நான்முகன் பொன்தென். இந்திரன் தைஷாகுதென். ஆனைமுகன் கங்கிதென். பெயரும் கோலமும் வழிபாட்டு முறையும் அந்நாட்டுக்கு உரியவையாக மாறிவிட்டன. ஆகவே நம் கோயிலைத் தேடிச் செல்வதாக எண்ணாமல், பிறந்த வீட்டுப் பெண்ணைப் புகுந்த வீட்டில் காணச் செல்வதுபோல் செல்ல வேண்டும். அவ்வீட்டு வழக்கத்துக்கு மதிப்பளிப்பதே முறை. காலணி கழற்றச் சொன்ன இடத்தில் கழற்றுவதும், படம் எடுக்கக் கூடாத இடத்தில் எடுக்காதிருப்பதும், குங்குமமோ கற்பூரமோ கொண்டுபோய் இடாமல் அங்கே தரும் ஊதுவத்தியை ஏற்றுவதும் போதுமானவை.

ஆனைமுகனை எங்கே வணங்குவது என்பதுதான் முதல் கேள்வியாயிற்று. நாராவுக்கு அருகே இகோமா மலையில் ஹோசான்ஜி என்னும் ஆலயம் கங்கிதென் வழிபாட்டால் புகழ்பெற்றது. அம்மலைக்குச் செல்லும் கம்பி இழுவை ரயில் 1918-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஜப்பானின் முதல் இழுவை ரயில் அதுவே. ஆசிரியரின் மனம் அதில்தான் ஒட்டியிருந்தது. ஆனால் ரயிலை விட்டு இறங்கிய பின்னும் கற்படிகள் பல ஏற வேண்டும்.

“எந்தக் காரியத்தையும் பிள்ளையாரிடம்தானே தொடங்குவோம்? அவரை ஏன் நடுவில் வைத்தீர்கள்?” என்றார் அம்மையார்.

அந்த ஒரு கேள்வியில் விடை கிடைத்தது. டோக்கியோவிலேயே, அசாகுசா பகுதியில், மாட்சுசியாமா ஷோதென் என்னும் கங்கிதென் ஆலயம் ஒரு சிறு குன்றின்மேல் இருக்கிறது. படியேற இயலாதோருக்காக அக்குன்றில் கட்டணமில்லாத ஒரு சிறிய தண்டவாள ஊர்தி இயங்குகிறது. அங்கே இறைவனுக்குப் படைக்கப்படுவது வெள்ளை முள்ளங்கி. கங்கிதென்னுக்கு உரிய நிவேதனங்களில் கங்கிதான் என்னும் பொரித்த பணியாரமும் ஒன்று. நம் மோதகத்தின் உறவு எனலாம். மூலத் திருவுருவம் திரைக்குள் மறைந்தே இருக்கும், பக்தர்கள் காண்பதில்லை. சிதம்பரத்தில் திரைக்கு முன் நின்று ரகசியத்தை வணங்கிப் பழகிய கண்களுக்கு அது குறையாகத் தோன்றாது. இகோமா பட்டியலிலிருந்து நீங்கியது. யாத்திரையின் முதல் தரிசனம் அசாகுசாப் பிள்ளையார் என்று முடிவாயிற்று.

அங்கிருந்து சுரங்க ரயிலில் சில நிமிடங்களில் உவேனோ. இவ்விரு நிலையங்களுக்கும் இடையே 1927-இல் திறக்கப்பட்ட கின்சா வழித்தடமே ஆசியாவின் முதல் சுரங்க ரயில் எனப் போற்றப்படுவது. உவேனோவில் ஷினோபாசு என்னும் தாமரைக் குளம். அதன் நடுவே ஒரு திட்டில் பென்ஸைதென் சன்னதி. பாதை சமதளமானது. வெண்டாமரை அன்னையைத் தாமரைகளுக்கு நடுவே நடந்து சென்று காணலாம்.

அடுத்தது பணக் கணக்கு. ஏழு நாள் ரயில் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்த்தப்பட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒருவழிக் கட்டணமோ ஏறத்தாழ 14,000 யென். போய்த் திரும்பினாலும் 28,000-ஐ ஒட்டியே வரும். ஹிரோஷிமாவரை சென்று டோக்கியோவுக்குத் திரும்புவோருக்கே பாஸைப் பற்றிய யோசனை தேவை. ஆசிரியர் இன்னொன்றும் கண்டுகொண்டார். டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்தில் ஏறித் திரும்பினால் வந்த வழியே மீள வேண்டியதில்லை. ஒரே ஒரு ஷின்கான்சென் சீட்டு போதும். ஒரு நாள் அலைச்சலும் மிச்சம். மற்ற சிறு பயணங்களுக்கு அவ்வப்போது சீட்டு வாங்கலாம். அல்லது முன்பணம் நிரப்பிய சுய்கா போன்ற அட்டையை வாயிலில் தொட்டுச் செல்லலாம். நிலையத்துக்கு நிலையம் கட்டணப் பலகையை அண்ணாந்து பார்த்து நிற்கும் துன்பம் இல்லை.

ஷின்கான்சென் 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. கியோட்டோவுக்கு ஹிகாரி வண்டியில் ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம். நொசோமியில் 2 மணி 15 நிமிடம். இருக்கை முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன் தொடங்கும். சாதாரண வகுப்பில் ‘ஈ’ என்னும் எழுத்திட்ட இருக்கை மலைப்பக்கச் சன்னலை ஒட்டியது. டோக்கியோவிலிருந்து புறப்பட்டு முக்கால் மணி நேரத்தில், வானம் தெளிவாக இருந்தால், 3,776 மீட்டர் உயர்ந்த ஃபூஜி மலை வலப்புறம் எழும். அம்மலையையே தெய்வமாக வணங்குவது அந்நாட்டு மரபு. மலையே இறைவனாக நிற்கும் திருவண்ணாமலையைச் சுற்றிய கைகள் தாமாகவே குவியும்.

முதியோர் கருத வேண்டியவை இரண்டு. இடை நிலையங்களில் வண்டி நிற்பது ஓரிரு நிமிடமே. கியோட்டோ வருவதற்கு முன்பே எழுந்து வாயிலருகே நின்றுவிட வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 சென்டிமீட்டரை மிஞ்சும் பெட்டிக்கு அதற்குரிய இருக்கையைத் தனியே பதிவுசெய்ய வேண்டும். இவ்விரண்டுக்கும் சேர்ந்தாற்போல் ஒரு வழி உண்டு. ஜப்பானில் பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு அனுப்பும் தக்குபின் சேவை பெரும்பாலும் மறுநாளே கொண்டு சேர்க்கிறது. பெட்டியை அனுப்பிவிட்டுக் கைப்பையுடன் ரயிலேறுவதே முழங்காலுக்கு இதம்.

கியோட்டோவில் காணக் கிடைப்பவை நூற்றுக்கணக்கானவை. இருவரும் தேர்ந்தது இரண்டே. தோஜி ஆலயம் கியோட்டோ நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவு. அதன் உபதேச மண்டபத்தில் 21 திருவுருவங்கள். அவற்றுள் அன்னங்கள் தாங்கும் பீடத்தில் நான்முகனும், யானைமேல் இந்திரனும் வீற்றிருக்கின்றனர். மற்றொன்று சான்ஜூசான்கெண்டோ. ஏறத்தாழ 120 மீட்டர் நீண்ட மர மண்டபத்தில் கருணைத் தெய்வமான கன்னொன்னின் 1,001 உருவங்கள் நிற்க, அவற்றுக்கு முன்னே காவல் தேவர்கள் 28 பேர். நாராயணன் பெயரைத் தாங்கியவர் அவர்களுள் ஒருவர். கருடன் அங்கே புல்லாங்குழல் ஊதி நிற்கிறார். பெருமாள் கோயிலில் கைகூப்பிய கருடாழ்வாரையே கண்ட அம்மையாருக்கு, அந்தக் குழலைக் காண வேண்டும் என்பது பெரும் ஆவலாயிற்று.

நாராவின் தோதைஜி ஆலயத்தில் 15 மீட்டர் உயரமுள்ள பெரிய புத்தர். 752-ஆம் ஆண்டு அத்திருவுருவத்துக்குக் கண் திறந்தவர், தென்னிந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் அந்தணத் துறவி. 736-இல் அந்நாட்டை அடைந்தவர். அங்கேயே வாழ்ந்து மறைந்தவர். நம் ஆகமங்கள் நயனோன்மீலனம் எனக் கூறும் சடங்குக்கு நிகரானது அது. அவர் கையிலிருந்த தூரிகையுடன் நீண்ட கயிறுகள் இணைக்கப்பட்டிருந்தன. கூடியிருந்தோர் அவற்றைப் பற்றி அப்புண்ணியத்தில் பங்குகொண்டனர். தேர்வடம் பிடித்த ஊரினருக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஹிரோஷிமாவும் மியாஜிமாவும் நிக்கோவும் நீங்கின. கோயாசான் மட்டும் நிலைத்தது. சீனம் சென்று வேத மொழியாகிய வடமொழியும் மந்திர மரபும் கற்றுத் திரும்பிய கூகாய் என்னும் மகான் 816-இல் அம்மலையில் ஆசிரமம் அமைக்க அரசாணை பெற்றார். அவர் மரபில் இன்றும் அக்கினி வளர்த்து வழிபடுகின்றனர். அதன் பெயர் கோமா, அதாவது ஹோமம். 835-இல் அவர் மறையவில்லை, தியானத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. ஒகுனோயின் என்னும் அவர் சன்னதிக்கு நாள்தோறும் இருவேளை உணவு எடுத்துச் செல்லப்படுகிறது. மந்திராலயத்துப் பிருந்தாவனத்தின் முன் நின்றோர் அந்த நம்பிக்கையை எளிதில் உணர்வர். நாராவிலிருந்து கின்டெட்சு ரயிலில் ஒசாகா நம்பா, அங்கிருந்து நான்காய் ரயிலில் கொகுராகுபாஷி, பிறகு ஐந்து நிமிட இழுவை ரயில், மலைமேல் பேருந்து. இழுவை ரயில் ஆசை ஆசிரியருக்கு இங்கே நிறைவேறுகிறது. சன்னதிக்கு முழுப் பாதை 2 கிலோமீட்டர். ஒகுனோயின்-மாயே பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால் ஏறத்தாழ பாதி தொலைவே நடக்க வேண்டும்.

மலைமேல் ஆலயங்களிலேயே தங்கலாம். அங்கே பரிமாறப்படும் ஷோஜின் உணவில் மீனும் இறைச்சியும் இல்லை. மரபுப்படி வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. மற்ற ஊர்களில் எச்சரிக்கை வேண்டும். காய்கறி மட்டுமே எனத் தோன்றும் சூப்பிலும் மீன்சாறு கலந்திருப்பது வழக்கம். ஆகவே, மீன், இறைச்சி, முட்டை, மீன்சாறு எதுவும் கூடாது என ஜப்பானிய எழுத்தில் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்திருப்பது நலம். ஆலய விடுதிகளில் தரையில் அமர்ந்து, தரையில் உறங்குவதே வழக்கம். நாற்காலியும் கட்டிலும் உள்ள அறை உண்டா என்று பதிவின்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். மாலை உணவு நேரத்தோடு முடிந்துவிடும். பிற்பகலுக்குள் சேர்ந்துவிட வேண்டும்.

பயணப் பையிலும் கவனம் தேவை. பழம், காய், பச்சைக் கறிவேப்பிலை ஆகியவற்றைச் சான்றின்றி அந்நாட்டுக்குள் கொண்டுசெல்ல இயலாது. மருத்துவர் எழுதித் தந்த மருந்துகள் ஒரு மாத அளவுக்கு மேற்பட்டால் முன் அனுமதி வேண்டும். சளி மருந்துகளில் சேரும் சில பொருள்களுக்குத் தடையும் உண்டு. ஏப்ரல் இறுதி முதல் மே தொடக்கம்வரை, ஆகஸ்ட் நடுப்பகுதி, புத்தாண்டு ஆகிய காலங்களில் ரயில்கள் நிரம்பி வழியும். அவற்றைத் தவிர்ப்பது நன்று. ஆசிரியர் அக்டோபர் பிற்பகுதியைத் தேர்ந்தார்.

இறுதித் தாளில் டோக்கியோவில் மூன்று இரவு, கியோட்டோவில் மூன்று, நாராவில் ஒன்று, கோயாசானில் ஒன்று, ஒசாகாவில் ஒன்று என ஒன்பது இரவுகள். கியோட்டோவில் நடு நாளுக்கு எதிரே எதுவும் எழுதப்படவில்லை. அந்த வெற்றிடத்தில் எதையேனும் சேர்க்க ஆசிரியரின் எழுதுகோல் இருமுறை சென்றது. “அது என் முழங்காலுக்கு உரிய ஊர்” என்று அம்மையார் சிரித்தார்.

வாழ்நாளில் கிடைக்கும் ஒரே வாய்ப்பு என்பதற்காக எல்லாவற்றையும் காண ஓடினால், எதன் முன்னும் நிற்க நேரமிராது. ஒரு சன்னதியின் முன் கால்வலியின்றி, அவசரமின்றி நிற்கும் கால் மணி நேரமே யாத்திரையின் பலன். திட்டமிடுவது அந்தக் கால் மணிக்காகத்தான். கும்பகோணத்து வீட்டுப் பூஜையறையில், பிள்ளையார் படத்தின் அடியில், சுழியிட்ட அந்தத் தாள் இப்போது மஞ்சள் தடவி வைக்கப்பட்டிருக்கிறது.