கிண்ணத்திலே புரட்சி, கூலியிலே?



புரட்சி என்றால் நம் நினைவுக்கு வருவது என்ன? ஆலை வாயிலிலே திரண்ட கூட்டம், உயர்த்திய கரம், உரிமை முழக்கம்! ஆனால் 2010-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவிலே ஒரு புரட்சி அறிவிக்கப்பட்டது. அதிலே கொடி இல்லை, கோஷம் இல்லை. கையிலே கிண்ணம், கிண்ணத்திலே ஒயின்! "ஸ்வார்ட்லாந்து புரட்சி" என்பது அதன் பெயர். கேப் டவுன் நகருக்கு வடக்கே, கோதுமை விளையும் வறண்ட பூமியிலே, ஒயின் வடிக்கும் இளைஞர் சிலர் கூடி 2015 வரை ஆண்டுதோறும் நடத்திய விழா அது.

மதுவின் புகழ் பாட நாம் பேனா எடுக்கவில்லை. குடியால் குலைந்த குடும்பங்களை நாம் அறிவோம். எனினும் அந்தக் கிண்ணத்தின் அடியிலே ஒரு பாட்டாளியின் கதை படிந்து கிடக்கிறது. அதைக் காணாமல் போவது நமக்கு அழகல்ல.

முதலிலே நியாயத்தைச் சொல்லிவிடுவோம். அந்த இளைஞர்கள் எதிர்த்தது பொய்யான பகையை அல்ல. 1918-ஆம் ஆண்டு திராட்சைப் பண்ணையாளர்கள் சேர்ந்து "கே.டபிள்யூ.வி." என்ற பெருஞ்சங்கத்தை அமைத்தார்கள். நாளடைவிலே சட்டமும் அதன் பக்கம் நின்றது. விலை வகுப்பது அது. உபரியை வாங்கிக் காய்ச்சுவது அது. 1957 முதல் எந்தப் பண்ணை எவ்வளவு விளைவிக்கலாம் என்று அளவு வகுத்ததும் அதுவே! நல்ல திராட்சையும் நலிந்த திராட்சையும் ஒரே தொட்டியிலே கொட்டப்பட்டன. அளவு முறை 1992-ஆம் ஆண்டு ஒழிந்தது. 1994-ஆம் ஆண்டு நிறவெறி ஆட்சியே ஒழிந்தது. மூடிக்கிடந்த உலகச் சந்தையின் கதவும் திறந்தது.

அந்தக் கதவு வழியே துணிச்சல்காரர் சிலர் நுழைந்தார்கள். ஈபன் சேடி என்பவர் 2000-ஆம் ஆண்டின் திராட்சையைக் கொண்டு "கொலுமெல்லா" என்ற ஒயினை வடித்து, ஸ்வார்ட்லாந்தின் பெயரை உலகறியச் செய்தார். பந்தலின்றிப் புதராக, பாசனமின்றி மழையை நம்பி வளர்ந்த பழைய "செனின் பிளாங்க்" கொடிகளை மற்றவர்கள் மதிக்கவில்லை. விளைச்சல் குறைவு, வெட்டி எறி என்றார்கள்! இவர்களோ அந்தக் கிழட்டுக் கொடியிலேதான் சுவை இருக்கிறது என்றார்கள். ரோசா க்ரூகர் என்ற அம்மையார் அத்தகைய தோட்டங்களைத் தேடித் தேடிக் கணக்கெடுத்தார். 2016-ஆம் ஆண்டு அதற்கென ஓர் அமைப்பு பிறந்தது. 35 வயது கடந்த கொடியின் ஒயினுக்கு இன்று தனி முத்திரை உண்டு. கொடி நட்ட ஆண்டும் புட்டியின் மேலே பொறிக்கப்படுகிறது. மலைப் புதர்ச்செடிகளின் மணமேற்றி ஜின் வடிக்கும் சிறு தொழிலாளிகளும் அம்மாநிலத்திலே பெருகிவிட்டனர்.

பெருமுதலாளியின் தொட்டிக்குள்ளே மூழ்காமல், சிறியவன் தன் பெயரிலே தன் பொருளைத் தருகிறான். நல்ல செயல்தான்! பாராட்டத் தயங்கோம்.

ஆனால் ஒரு கேள்வி கேட்போம். கொடியின் வயதைப் புட்டியிலே பொறித்தவர்களே! அந்தக் கொடியைக் கத்தரித்த கரத்தின் கூலியைப் பொறிப்பது யார்?

அந்தக் கரத்தின் வரலாறு நீண்டது. கேப் மண்ணிலே முதல் திராட்சை பிழியப்பட்டது 1659-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள். டச்சுக் கம்பெனியின் தளபதி வான் ரிபீக் அதைத் தம் நாட்குறிப்பிலே மகிழ்ந்து எழுதி வைத்தார். தோட்டம் விரிந்தது, தோட்டத்துக்கு அடிமைகள் வந்தார்கள். மடகாஸ்கரிலிருந்து, மொசாம்பிக்கிலிருந்து, கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து, வங்கத்திலிருந்து வந்தார்கள். ஆம் தோழர்களே, நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பலேற்றப்பட்டு வந்தார்கள்! அந்தத் திராட்சைத் தோட்டம் நமக்கு அந்நியம் என்று எவரும் சொல்ல வேண்டாம்.

1834-ஆம் ஆண்டு அடிமைத்தனம் சட்டத்திலே செத்தது. உண்மையிலே செத்ததா? கூலியின் ஒரு பகுதியாக மலிவான ஒயினையே ஊற்றிக் கொடுத்தார்கள். விடியற்காலையிலே ஒரு குவளை, வேலைக்கு நடுவிலே ஒரு குவளை, அந்தியிலே ஒரு குவளை! "டொப்" முறை என்று அதற்குப் பெயர். சங்கிலி இரும்பாக இருந்தால் ஒருநாள் அறுக்கலாம். மதுவாலான சங்கிலியை அடிமையே தேடி வந்து மாட்டிக்கொள்வான் என்பது ஆண்டையின் கணக்கு. சட்டம் தடுத்த பிறகும் பல பண்ணைகளிலே அது தொடர்ந்தது. அதன் தழும்பு இன்னும் ஆறவில்லை. தாய் குடித்த மதுவால் கருவிலேயே குறைபட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் பகுதிகளிலே மேற்குக் கேப் மாநிலமும் ஒன்று.

2012-ஆம் ஆண்டு நவம்பரிலே பொறுமை உடைந்தது. உண்ணும் திராட்சை விளையும் டி டூர்ன்ஸ் ஊரிலே பண்ணைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நாள் ஒன்றுக்கு 69 ராண்ட் கூலி. 150 கொடு என்றார்கள். நெருப்பு ஒயின் ஊர்களுக்கும் பரவியது. 3 உயிர்கள் பலியாயின. 2013 மார்ச் முதல் குறைந்தபட்சக் கூலி 105 ராண்ட் ஆயிற்று. கேட்டது கிடைக்கவில்லை; ஆயினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு! 2016-ஆம் ஆண்டு ராபர்ட்சன் ஊரின் ஒயின் ஆலையிலே 14 வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. மற்றத் தொழிலாளருக்குச் சமமான குறைந்தபட்சக் கூலி பண்ணையாளுக்குக் கிடைத்தது 2021-ஆம் ஆண்டிலேதான்.

"கூலியை உயர்த்தினால் பண்ணை தாங்காது" என்கிறார்கள் முதலாளிகள். அவர்கள் சொல்வதிலே ஒரு பாதி உண்மை உண்டு. அந்நாட்டு ஏற்றுமதியிலே பாதிக்கு மேல் புட்டியிலே அடைக்காமல், பெருந்தொட்டிகளிலே மலிவு விலைக்குப் போகிறது. அயல்நாட்டுப் பெருங்கடைகள் விலையை நசுக்குகின்றன. நசுக்கல் கடைசியிலே கூலிக்காரன் முதுகிலே வந்து விழுகிறது. ஆனால் துணிச்சல்காரர்கள் காட்டியது என்ன? அதே மண், அதே கொடி; விலையை மட்டும் பன்மடங்கு உயர்த்த முடியும் என்று காட்டினார்கள். அப்படியானால் தாங்காது என்ற வாதம் அவர்கள் வாயிலிருந்து வரக்கூடாது!

பங்கு தந்தால் போதுமா? ஃபிரான்சுக் பள்ளத்தாக்கிலே சோல்ம்ஸ்-டெல்டா பண்ணையிலே தொழிலாளர் அறக்கட்டளைக்கு மூன்றில் ஒரு பங்கு தந்தார்கள். நல்ல எண்ணம், ஐயமில்லை. ஆனால் 2018-க்குள் பண்ணை கடனிலே தத்தளித்தது. நட்டம் வரும்போது பங்குத்தாள் சோறு போடாது என்பதைத் தொழிலாளர் கண்டனர். இன்னொரு பக்கம் நித்சிகி பியெலா என்ற கறுப்பினப் பெண்மணி! சூலு நாட்டுச் சிற்றூரிலிருந்து உதவித்தொகையிலே படிக்க வந்தவர். 2016-ஆம் ஆண்டு தம் பாட்டியின் பெயராலே "அஸ்லினா" என்ற சொந்த ஒயினை வெளியிட்டார். வாய்ப்புக் கிடைத்தால் திறமை எந்தக் குடிசையிலும் பூக்கும் என்பதற்கு அவரே சான்று. ஆனால் ஒருவர் ஏறியதாலே ஏணி எல்லோருக்கும் வந்துவிட்டதாகாது. தோட்டம் இன்னும் மிகப் பெரும்பாலும் வெள்ளையர் கையிலேதான் இருக்கிறது.

ஆக, நாம் கண்டது இது. சட்டம் மாறியபோது சிறு முதலாளிக்கு விடுதலை வந்தது. தொழிலாளி தானே திரண்டபோதுதான் அவனுக்குக் காசு வந்தது. ஒயினின் சுவையை உயர்த்தியது வடித்தவனின் கலை. கூலியை உயர்த்தியது வேலைநிறுத்தம்! 2011-ஆம் ஆண்டின் ஆய்வொன்று, அம்மாநிலப் பண்ணைத் தொழிலாளரிலே சங்கத்தில் சேர்ந்தவர் நூற்றுக்கு 3 பேர் அளவே என்றது. அடுத்த ஆண்டே ஆயிரமாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள் என்றால், சங்கம் முழுமையாக இருந்திருந்தால் 150-ஐயும் வாங்கியிருப்பார்கள் அல்லவா?

பழைய கொடிக்கு முத்திரை தந்தீர்கள், மகிழ்ச்சி! பாடுபட்ட கரத்துக்கும் ஒரு முத்திரை தாருங்கள்! அதுவரை அந்தப் புரட்சி, பாதிப் புரட்சியே!