மலிவுப் பட்டாசும் மாயக் கடையும்

தீபாவளி நெருங்க நெருங்க வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் பட்டாசு வேலை மும்முரமாகும். மருந்துத் தூள் படிந்த கைகளுடன் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உழைக்கும் காலம் அது. அதே பருவத்தில் இன்னொரு தொழிலும் செழிக்கிறது. அதற்கு லைசென்ஸ் இல்லை, கொட்டகை இல்லை, கூலியாட்கள் இல்லை. ஒரு செல்போனும், சிவகாசி என்ற பெயரும் இருந்தால் போதும்.

மோசடியின் முறை எளியது. யூடியூபிலும் பேஸ்புக்கிலும் கவர்ச்சியான விளம்பரம் வரும். தொடர்பு கொண்டால் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் வரும். பணம் அனுப்பியதும் லாரி வாடகை என்று மேலும் ஒரு தொகை கேட்பார்கள். அதையும் கொடுத்தால் போன் அணைந்துவிடும். 2024 தீபாவளிக்கு முன்பே தமிழ்நாடு போலீஸின் சைபர் குற்றப் பிரிவு இது குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது.

பெருந்தள்ளுபடியை வைத்து மட்டும் போலியைக் கண்டுகொள்ள முடியாது. சிவகாசியின் உண்மையான கடைகளும் பட்டியலில் விலையை உயர்த்திப் போட்டு, எண்பது சதவிகிதம் தள்ளுபடி தருவது வழக்கந்தான். கவனிக்க வேண்டிய அடையாளங்கள் வேறு. இணைய வர்த்தகத் தளங்கள் பட்டாசு ஆர்டர் ஏற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ல் உத்தரவிட்டது. தபாலிலும் ரயிலிலும் பட்டாசு அனுப்புவதற்குத் தடை உண்டு. ஆகவே, "இப்போதே பணம் கட்டுங்கள், சரக்கு தபாலில் வீடு தேடி வரும்" என்பவரை நம்பலாகாது. லைசென்ஸ் உள்ள கடைக்கு நேரில் சென்று, பொருளைப் பார்த்து, ரசீது பெற்று வாங்குவதே உத்தமம்.

ஏமாற்றுக்காரனுக்குப் பெரிய பலம் அவனுடைய சாமர்த்தியம் அல்ல, ஏமாந்தவரின் மௌனமே. போனது இரண்டாயிரம் ரூபாய்தானே என்று ஒருவர் விட்டுவிடுகிறார். வெளியே தெரிந்தால் நகைப்பார்களே என்று மற்றொருவர் வாயை மூடிக்கொள்கிறார். தடை செய்த வழியில் வாங்கியது குற்றமாகுமோ என்று இன்னொருவர் அஞ்சுகிறார். ஆனால் நீதிமன்ற உத்தரவு ஆர்டர் ஏற்கும் தளங்களை நோக்கியது. மோசம் போனவர் புகார் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. நூறு பேரிடம் இரண்டாயிரம் பறித்தால் இரண்டு லட்சமாகிறது என்பதையும் மறக்கலாகாது.

இதில் நேரமே பணம். ஏமாந்தது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். தகவல் வங்கிகளுக்குச் சென்று, மோசடிக்காரன் கணக்கில் எஞ்சியுள்ள பணத்தை முடக்க வழி பிறக்கும். அவன் எடுத்துவிட்ட பிறகு மீட்பது கடினம். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், எதிராளியின் போன் எண், இணைய முகவரி, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பது அவசியம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பியனுப்ப இடமில்லை. ஏமாற்றிப் பொருள் பறித்ததற்கு ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

போன பணத்தை மீட்டுத் தருவதாக, கட்டணம் கேட்டு வருபவனிடமும் எச்சரிக்கை தேவை. அவன் முதல் திருடனின் கூட்டாளியாகவே இருக்கக் கூடும்.

வியாபாரிகளுக்கும் இதில் கடமை உண்டு. தங்கள் கடையின் பெயரில் போலித் தளம் தோன்றினால், வாடிக்கையாளர் புகார் செய்யட்டும் என்று காத்திராமல் தாங்களே போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு மோசடியும் ஒரு குடும்பத்தின் பண்டிகையைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. சிவகாசி என்றாலே சந்தேகம் என்ற நிலையையும் உண்டாக்குகிறது. அந்தச் சந்தேகத்தின் விலையை முதலில் கொடுக்கப்போவது வெம்பக்கோட்டைத் தொழிலாளியின் கூலிதான்.