பரிசு மருத்துவருக்கு, பளு நோயாளிக்கு!



மருந்து முதலாளி மருத்துவருக்குப் பரிசு கொடுப்பது பழைய செய்தி. கொடுத்த பரிசுக்குக் கணக்கெழுதி, "இது எங்கள் வாணிகச் செலவு, வரியில் கழித்துக் கொள்ளுங்கள்" என்று அரசின் வாசலிலேயே வந்து நின்ற துணிவு இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

சென்னையிலுள்ள ஏபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம், 2010-11 வரி மதிப்பீட்டு ஆண்டுக்கு இப்படிக் காட்டிய தொகை 4 கோடியே 72 இலட்ச ரூபாய்க்கு மேல். ஜிங்கோவிட் என்னும் சத்து மருந்தைப் பற்றி மருத்துவர்களிடையே 'விழிப்புணர்ச்சி' ஊட்டினார்களாம்! எவற்றைக் கொண்டு? தங்கக் காசு, குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி, மடிக்கணினி, மாநாட்டுக் கட்டணம்! பரிசு பெறலாகாது என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரிலேயே விதி செய்துவிட்டது. "அது வாங்கும் மருத்துவரைத்தானே கட்டும், கொடுக்கும் எங்களைக் கட்டாதே" என்று வாதாடிற்று நிறுவனம். கொடுப்பவன் இன்றி வாங்குபவன் ஏது? வருமான வரித்துறை மறுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் மறுத்தது. 2022 பிப்ரவரி 22-இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் லலித், ரவீந்திர பட் இருவரும் முடிவாக மறுத்தனர். பரிசின் செலவு மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில் விடிகிறது என்பதையும் அத்தீர்ப்பு எடுத்துக் கூறியது.

மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டில் வலை இழுக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முதுகு வலி என்று தனியார் மருத்துவரிடம் போகிறார். சீட்டில் ஐந்து மருந்து. எது நோய்க்காக, எது பரிசுக்காக என்று அவர் எங்ஙனம் அறிவார்? துணிக்கடையில் சேலை பிடிக்கவில்லையெனில் அடுத்த கடைக்குப் போகலாம். மருந்துக் கடையிலோ தேர்ந்தெடுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர்!

அதே மனிதர் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தேறிச் செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்கு வந்தால், காசின்றி மருந்து கிடைக்கிறது. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை அவற்றின் மூலப் பெயரிலேயே ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்கி, மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பி, மாவட்டக் கிடங்குகளின் வழியே தருகிறது. வணிகப் பெயரை எழுத வேண்டிய தேவை அங்கே இல்லை. ஆகவே தங்கக் காசோடு வருபவனுக்கும் அங்கே வேலை இல்லை. மருத்துவர் எல்லோரையும் துறவிகளாக்கி அல்ல, ஆசை நுழையும் வழியை அடைத்துத்தான் இது சாதிக்கப்பட்டது.

நம் கூரையின் ஒழுக்கையும் பார்த்தாக வேண்டும். அரசு மருத்துவர், பணி நேரத்துக்குப் பின் சொந்தமாக மருத்துவம் பார்க்க இங்கே இசைவு உண்டு. காலையில் இரண்டு நிமிடம், மாலையில் கட்டணத்தோடு இருபது நிமிடம் என்று ஒருவர் நடந்துகொண்டால் தடுப்பது யார்? எல்லோரும் அப்படியல்லர். ஊதியத்தையும் பணியிடங்களையும் உயர்த்தாமல் தடை மட்டும் விதித்தால் நல்லவர்கள்தாம் முதலில் வெளியேறுவர். எனினும் இக்கேள்வியை நாம் விழுங்கிவிடலாகாது.

பேறுகாலத்தைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பேறுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 64 அறுவையால் நடந்தவை. அரசு மருத்துவமனைகளில் 36. இதுவும் சிறிய எண் அன்று. ஆனால் சிக்கலான பேறு என்றால் கடைசி நேரத்தில் எங்கே அனுப்புகிறார்கள்? அரசு மருத்துவமனைக்கு! அறுவை அங்கேயல்லவா மிகுந்திருக்க வேண்டும்?

2024 மார்ச்சில் மைய அரசு, மருந்து விற்பனைக்கு ஒரு நெறிமுறை வெளியிட்டது. பரிசு கூடாது என்கிறது அது. மகிழ்ச்சி! புகாரை விசாரிப்பவர்? மருந்து நிறுவனங்களின் சங்கங்களே அமைக்கும் குழு! களவை விசாரிக்கக் களவாடியவனின் உறவினரா?

ஆகவே, கிளைக் கூட்டங்களில் இரண்டு வரித் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள். பரிசு கொடுக்கும் நிறுவனத்தையும் தண்டிக்கும் சட்டம் வேண்டும். எந்த மருத்துவருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை ஆண்டுதோறும் நிறுவனங்கள் ஊரறிய வெளியிட வேண்டும். இரண்டாவது நடவாத காரியம் என்று எவரேனும் சொன்னால், முதலாளிகளின் சொர்க்கமாம் அமெரிக்காவிலேயே 2010-இல் அதற்குச் சட்டம் வந்துவிட்டது என்று சொல்லுங்கள்.