குதிக்கிறதுக்கு முதல் கொஞ்சம் கதைப்பம்

டுபாய்க்கு வேலைக்குப் போன எங்கட சிநேகிதர்களின் இன்ஸ்டா பக்கங்களில் ஒரு வீடியோ மட்டும் மாறாமல் வரும். கீழே பாம் ஜுமைரா ஈச்ச மரம் மாதிரி விரிந்து கிடக்கும். காற்றில் கன்னம் இரண்டும் நடுங்கும். முதுகில் யாரெண்டே தெரியாத ஒரு வெள்ளைக்காரர் கட்டப்பட்டிருப்பார். கொமென்டில் பாதிப்பேர் நெருப்புப் படம் போடுவார்கள். மிச்சப்பேர் அன்ரிமார். "இதெல்லாம் தேவையா பிள்ளை?" என்று கேட்பார்கள்.

ஸ்கைடைவிங் செய்கிறவர்கள் மத்தியில் இந்தக் கேள்விக்கென்றே ஒரு சொல் இருக்கிறது. குதிக்காத ஆட்களை அவர்கள் 'வஃபோ' என்பார்கள். "என்னத்துக்கடா பிளேனிலிருந்து குதிக்கிறாய்?" என்பதை அமெரிக்கக் கிராமத்து ஆங்கிலத்தில் கேட்டால் முதலில் வரும் 'என்னத்துக்கு'தான் அது. வெள்ளவத்தையில் மாடிக்கு மூன்று வஃபோ என்று கணக்கு வைக்கலாம். ஆனால் எங்கட வஃபோக்களைப் பகிடி பண்ணித் தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. அங்கே அது விளங்காமல் கேட்கிற கேள்வி. இங்கே கேட்கிறவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் வீடுகளில் பாராசூட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1987 யூன் 4ஆம் திகதி இந்திய விமானப்படையின் அன்ரனோவ் விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்து சுமார் 25 தொன் நிவாரணப் பொருள்களைப் பாராசூட்டில் இறக்கின. 'பூமாலை' என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். வானத்திலிருந்து சாப்பாடு இறங்கியதைப் பார்த்த தலைமுறை இப்போதும் காலி வீதியில் மரக்கறிப் பையோடு எங்களுக்குப் பக்கத்தில் நடந்து போகிறது. பிறகு 'பரா'. இரவில் ஆமி அடிக்கிற வெளிச்சக் குண்டு, சின்னப் பாராசூட்டில் தொங்கி மெல்ல மெல்ல இறங்கும். பரா லைட் எரிந்தால் ஊர் பகலாகிவிடும், சனம் பங்கருக்குள் இருக்கும். விடிந்ததும் சின்னப் பொடியன்கள் அந்தத் துணியைத் தேடி ஓடுவார்கள். வானத்தைப் பார்த்து ஓடி ஒளித்த ஒருவரிடம் போய், காசு கட்டி வானத்திலிருந்து விழப்போகிறேன் என்று சொன்னால் எப்படியிருக்கும்? எங்களில் ஒருத்தியின் மாமா சொன்னார்: "உயிரைக் காப்பாத்த நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ரிக்கற் எடுத்து அதை விளையாட்டாக்குறியள்."

நியாயமான கோபம். 'வாழ்றது ஒருக்காத்தானே' என்று அதற்குப் பதில் சொல்வது மரியாதையில்லாத வேலை. ஆனால் மாமாவின் கோபம் பிழையான ஆட்களிடம் போகிறது என்பதுதான் எங்கட கட்சி.

கொழும்பில் வளர்ந்த எங்களுக்குப் பாராசூட் என்றால் பெப்ரவரி 4தான். காலிமுகத்திடலுக்கு மேலே படைவீரர்கள் கொடியோடு இறங்குவதை ரீவியில் பார்ப்போம். 2024 ஜனவரியில் அதற்கான ஒத்திகையில் பாராசூட்டுகள் நடுவானில் சிக்கி நாலு பேர் காயப்பட்டார்கள். ஆக, இந்த ஊரில் பாராசூட் பெரும்பாலும் சீருடையோடுதான் கண்ணில் படுகிறது. சாதாரண ஆட்கள் சனி ஞாயிறுகளில் செய்யும் காரியமாக அதை யோசித்துப் பார்க்க எங்களுக்குப் பழக்கமில்லை. அதனாலேயே டுபாய் வீடியோவைத்தான் ஸ்கைடைவிங் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அது டான்டெம். சுமார் 13,000 அடியில் வெளியே வந்து, மணிக்கு 200 கிலோமீற்றரை ஒட்டிய வேகத்தில் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் விழுவீர்கள். முதுகில் இருப்பவர் பாராசூட்டை விரிப்பார், அவரே இறக்கியும் விடுவார். நீங்கள் எடுக்கவேண்டிய முடிவு ஒன்றுமில்லை. காலைத் தூக்கு என்றால் தூக்கினால் சரி. இதற்கு இரண்டாயிரம் திர்ஹாமுக்கு மேல் போகும். எங்கட காசில் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டும். நல்ல சவாரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பஸ்ஸில் முன் சீற்றில் இருந்துபோனவர் டிரைவராகிவிட மாட்டார்.

பொழுதுபோக்காகச் செய்கிறவர்களின் கதை வேறு. அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் முதல் அனுமதிப்பத்திரத்துக்கே குறைந்தது 25 தரம் குதித்திருக்கவேண்டும். அதற்கு முதல் வகுப்பு. பாராசூட் சுற்றிப்போனால் என்ன செய்வது, எந்த உயரத்தில் அதை வெட்டிவிட்டு இரண்டாவதை இழுப்பது என்று தரையில் தொங்கித் தொங்கிப் பழகவேண்டும். பிரதான பாராசூட்டைத் தானே மடிக்கப் பழகவேண்டும். பிளேனுக்குள் ஏறிய பிறகும் ஒருவரின் முதுகுப்பையை இன்னொருவர் திறந்து பார்ப்பார். முந்தி ஆயிரம் தரம் குதித்தவரும் நேற்று வந்தவரிடம் முதுகைக் காட்டுவார். அரைவாசி நாள் காற்று அடங்கும்வரை புல்லில் குந்தியிருந்து கதைப்பதிலேயே போய்விடும். முதல்தரம் எதைச் செய்தாலும் எல்லாருக்கும் பியர் வாங்கிக் குடுக்கவேண்டும் என்று ஒரு சம்பிரதாயமும் உண்டு. (கொட்டாஞ்சேனைக் கிளை இதை மட்டன் ரோல்ஸ் என்று திருத்தச் சொல்கிறது.)

2006 பெப்ரவரியில் தாய்லாந்தின் உடோன் தானியில் 400 பேர் ஒரே நேரத்தில் குதித்து, வானத்தில் ஒருவரையொருவர் பிடித்து ஒரே உருவமாக நின்றார்கள். நின்றது 4.25 விநாடி. அந்த நாலு விநாடிக்கு நாடு நாடாக வந்து, தரையில் நடந்து நடந்து ஒத்திகை பார்த்தார்கள். 400 பேரில் ஒருவர் அவசரப்பட்டு வேகமாக வந்து மோதினாலும் மற்றவருக்கு ஆபத்து. எங்களுக்கு இதில் பிடித்தது உயரம் அல்ல, அந்த அடக்கம்.

ஆபத்து இல்லையென்று நாங்கள் சொல்லவில்லை. 2014இல் சேலம் விமான நிலையத்தில் நடந்த ஒரு முகாமில் பெங்களூரிலிருந்து வந்த இளம்பெண் ஒருவர் பாராசூட் விரியாமல் இறந்தார். அமெரிக்காவில் 2023இல் சுமார் 36 இலட்சம் குதிப்புகளில் பத்துப் பேர் இறந்தார்கள். 1970களில் வருடத்துக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். அப்போது குதித்தவர்கள் இப்போதையைவிட மிகக் குறைவு. இது குறைந்ததற்குப் பல காரணம் இருக்கும். முக்கியமானது, ஒவ்வொரு சாவையும் அவர்கள் எழுதி வைக்கிறார்கள். எந்த உயரம், எந்தத் தவறு, கருவியா ஆளா என்று எழுதி எல்லாருக்கும் வாசிக்கக் குடுக்கிறார்கள். ஜெர்மனியில் ஹெல்முட் க்ளோத் என்பவர் தன்னோடு குதிக்கும் நண்பன் இறந்த பிறகு, ஆள் மயங்கிப் போனாலும் குறித்த உயரத்தில் தானாகவே இரண்டாவது பாராசூட்டை விரிக்கும் கருவியைச் செய்தார். 1991இல் அது விற்பனைக்கு வந்தது. நண்பன் செத்தவீட்டில் 'விதி' என்று சொல்லி முடித்திருந்தால் அந்தக் கருவி வந்திராது.

இப்ப எங்கட பக்கம் வருவம். வெள்ளவத்தையில் கடலுக்குப் போக ரெயில் தண்டவாளத்தைக் கடக்கவேண்டும். கடந்தால் போதாது, அதிலேயே நின்று படம் எடுக்கவேண்டும். கோட்டைக்குப் போகும் கோச்சியில் மிதிபலகையில் ஒரு கையால் தொங்கவேண்டும். இரவில் மரீன் டிரைவில் ஹெல்மெட் இல்லாமல் பைக் முறுக்கவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது நீந்தத் தெரியாதவனையும் "வாடா, பயமா?" என்று இழுக்கவேண்டும். இதற்கெல்லாம் வகுப்பில்லை, பரிசோதனையில்லை, ஒருவரும் எங்கட முதுகைப் பார்ப்பதில்லை. வீட்டில் இதற்குச் சண்டையும் வருவதில்லை, ஏனென்றால் இலவசம். "பொடியன்கள் அப்பிடித்தான்." மாமா ஏச வேண்டிய இடம் இது.

ஸ்கைடைவர்களின் வழக்கத்தில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு சின்ன விஷயம். ஏறிய பிறகும், கதவு திறந்த பிறகும், ஒருவர் "இண்டைக்கு நான் குதிக்கேல்லை" என்று சொல்லலாம். பிளேனோடேயே திரும்பி இறங்கலாம். அதற்கு ஒருவரும் சிரிக்கக்கூடாது. எங்கட எந்த செட்டில் இது நடக்கும்? இறங்காமல் கரையில் நின்றவனுக்கு அடுத்த மூன்று வருஷத்துக்கு ஒரு பட்டப்பெயர் நிச்சயம். பொம்பிளைப் பிள்ளைகள் நிலை வேறு விதத்தில் மோசம். அவர்களை முதலிலேயே கூப்பிடுவதில்லை. இந்தியாவின் ரேச்சல் தாமஸ் 1979இல் முதன்முதலாகக் குதித்தபோது இரண்டு பிள்ளைகளின் தாய். 2002இல் வட துருவத்தில் 7,000 அடியிலிருந்து குதித்தார். எங்கட செட்டிலுள்ள பெண்கள் தண்டவாளம் தாண்டிக் கடலுக்குப் போகவே இன்னும் வீட்டில் பொய் சொல்ல வேண்டியிருக்கு.

"இது எங்கட சனத்தின்ர பழக்கம் இல்லை" என்கிற வாதத்தை மட்டும் நாங்கள் ஏற்கமாட்டோம். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை நீந்தி இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து நீந்தியே திரும்பினார். சட்டத்தரணி, வேறு வேலையில்லாத ஆளல்ல. 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது இறந்தார். அதே ஊரில் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் உதயசூரியன் கடற்கரையில் பட்டப் போட்டி. முச்சை கட்டுவது, விண் பூட்டுவது எல்லாம் ஒரு தனிப் படிப்பு. ஆளைவிடப் பெரிய பட்டங்களை ஒரு கூட்டமே சேர்ந்துதான் ஏற்றும். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் அப்படி ஒரு பெரிய பட்டம் ஏற்றும்போது மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த இளைஞர் ஒருவர் மரங்களுக்கு மேலே தூக்கப்பட்டார். உலகம் முழுக்க அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தது. நல்லகாலம், ஆள் தப்பிவிட்டார். நாங்களும் சிரித்தோம்தான். ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தால், கீழே நின்றவர்களின் கத்தல்தான் காதில் நிற்கிறது. ஸ்கைடைவர்கள் இதை வாசித்தால் முதலில் கேட்பது, யார் எப்போது கயிற்றை விடவேண்டும் என்று முதலே கதைத்தீர்களா என்பதாக இருக்கும்.

காசுக் கதையும் இருக்கு. ஒன்றரை இலட்சம் என்பது கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பல மாதச் சாமான் செலவு. ஆகவே எல்லாரும் போய்க் குதியுங்கோ என்று எழுத எங்களால் முடியாது. டுபாயில் சம்பளம் எடுக்கிறவர்கள் குதிக்கட்டும், விரும்பினால் 25 தரமும் குதிக்கட்டும். ஒன்று மட்டும்: வீட்டுக்குச் சொல்லாமல் குதித்துவிட்டு, அம்மா அதை அன்ரியின் போனில் பார்க்கிற மாதிரி விடாதேயுங்கோ. கையெழுத்து வைக்கிற கடதாசியை வாசியுங்கோ. உங்கட காப்புறுதி இதற்குப் பொருந்துமா என்று கேளுங்கோ.

இங்கே இருக்கிற நாங்கள் வருகிற தைக்கு வல்வெட்டித்துறைக்கு வான் பிடிக்கிறோம். பட்டம் ஏற்றத் தெரிந்த ஆட்களிடம் கதைத்து, அவர்கள் எப்படிப் பழக்குகிறார்கள், ஆருக்கு எந்தக் கயிறு, ஆர் சொன்னால் விடவேண்டும் என்பதை எல்லாம் எழுதிக்கொண்டு வருவோம். பதினாலு சீற், ஒன்பது நிரம்பிவிட்டது. மிச்சம் ஐந்தில் பெண்களுக்கு முதலிடம். மாமாவையும் கேட்டிருக்கிறோம். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றிருக்கிறார்.