“திரும்பிப் போவோம்” என்று சொல்லும் உரிமை

பனிக்காலம் தொடங்கியதும் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி வழக்கமாக எழும். “டொக்டர், இந்த முறை குடும்பமாக வடக்கே போகிறோம். ஸ்னோமொபைல் ஓடலாமா?” நீரிழிவுக்காரர், இதயக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர் என எல்லாரும் கேட்கிறார்கள். பலருக்கு இந்நாட்டில் இது பத்தாவது, இருபதாவது பனிக்காலம். ஆயினும் ரொறன்ரோவின் வீதிகளில் கண்ட பனியும், மஸ்கோக்காவுக்கு அப்பால் ஏரிகளை மூடிக் கிடக்கும் பனியும் ஒன்றல்ல.

இக்கேள்விக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல்லில் நாங்கள் விடை கூறுவதில்லை. எங்கள் விடையின் முழு வடிவத்தை இங்கே எழுதுகிறோம்.

பனிமேல் ஓடும் வண்டிக்கும் மருத்துவமனைக்கும் பழைய உறவொன்று உண்டு. கியூபெக் மாகாணத்தின் வல்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியர் சிறுவயது முதலே பனியில் ஓடும் பொறியொன்றைச் செய்ய முயன்று வந்தவர். 1934ஆம் ஆண்டின் பனிக்காலத்தில், அவருடைய இரண்டு வயது மகன் இவோன் குடல்வால் அழற்சி முற்றி உயிருக்குப் போராடினான். பனி மூடிய வீதிகளில் மோட்டார் வண்டி எதுவும் ஓட முடியவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றிக் குழந்தை இறந்தான். 1937இல் தந்தை தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரக்கூடிய அவரது முதல் வண்டிகளும், பின்னர் வந்த பன்னிரண்டு பேருக்கான வண்டிகளும், பனிசூழ்ந்த ஊர்களில் நோயாளிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் அஞ்சலையும் சுமந்து சென்றன. ஒருவர் இருவர் ஏறி ஓட்டும் சிறிய வண்டி 1959இல்தான் சந்தைக்கு வந்தது.

மருத்துவமனையை அண்மையாக்கப் பிறந்த வண்டி இது. இன்று பொழுதுபோக்காக அதில் ஏறும் நாம், அதே வேகத்தில் மருத்துவமனையை விட்டு விலகிச் செல்கிறோம். வடக்கின் தடங்களில் பல இடங்களில் கைபேசி வேலை செய்யாது. வானிலை கெட்டால் மீட்பு உலங்குவானூர்தியும் பறக்க முடியாது. நகரில் பத்து நிமிடத்தில் கிடைக்கும் உதவி அங்கே இரண்டு மணி நேரத்தில் கிடைத்தாலும் அது நற்பேறே.

எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தின் அனுபவத்தை, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிக் கூறுகிறோம். இரண்டு தம்பதியர் இரண்டு வண்டிகளை வாடகைக்கு எடுத்தனர். நண்பகல்வரை குறிக்கப்பட்ட தடத்திலேயே ஓடினர். மாலை நெருங்கியபோது, சுற்றிப் போகாமல் ஏரியைக் குறுக்கே கடந்தால் அரை மணி நேரம் மிச்சமாகும் என்று முன்வண்டி ஓட்டியவர் கருதினார். அவர் ஐம்பது வயதைக் கடந்த நீரிழிவு நோயாளி. சிற்றோடையொன்று ஏரியில் கலக்கும் இடத்தில் பனிக்கட்டி உடைந்தது. வண்டி மூழ்கியது. பின்வந்த இருவரும் ஒரு கயிற்றை எறிந்து, படுத்த நிலையில் இழுத்து, இருவரையும் கரை சேர்த்தனர். உயிர்கள் தப்பின. நீரிழிவால் ஏற்கெனவே உணர்வு குன்றியிருந்த அவருடைய வலது பாதம் உறைந்தது. சில வாரங்களின் பின் இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று.

சத்திரசிகிச்சை நாளன்று அவருடைய மனைவி எங்களிடம் கூறியதை நாங்கள் மறக்கவில்லை. “சொல்லுவம் எண்டுதான் நினைச்சனான், டொக்டர். ஐஸின்ரை நிறம் வேறை மாதிரி இருந்தது. பிறகு, பயந்தவள் எண்டு சிரிப்பினமே எண்டு பேசாமல் இருந்திட்டன்.”

இக்கட்டுரையின் கருத்து முழுவதும் அந்த அம்மையாரின் சொற்களிலிருந்தே பிறக்கிறது. தலைக்கவசம் வேண்டும். தடித்த உடை வேண்டும். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னதாகக் குடும்பம் ஒரு விதியை உடன்பட்டு ஏற்க வேண்டும்: கூட்டத்தில் யார் “திரும்பிப் போவோம்” என்று சொன்னாலும், காரணம் கேட்காமல் எல்லாரும் திரும்ப வேண்டும். சொல்பவர் பன்னிரண்டு வயதுச் சிறுமியாகவும் இருக்கலாம், முதன்முறை ஏறிய மாமியாராகவும் இருக்கலாம்.

இதை நாங்கள் வெறும் நல்லெண்ணத்தினால் கூறவில்லை. இதற்கு உறுதியான மருத்துவக் காரணம் உண்டு. பனிக்காலப் பயணத்தில் வரும் மூன்று ஆபத்துகளில், பாதிக்கப்பட்டவரே அதைக் கடைசியாக அறிகிறார்.

முதலாவது குளிர். வெளிவெப்பம் மறை 20 பாகை செல்சியஸாக இருக்க, மணிக்கு 50 கிலோமீற்றர் வேகக் காற்று முகத்தில் மோதினால், தோலுக்கு அது மறை 35 பாகைக் குளிராகவே தெரியும். காற்றே இல்லாத நாளிலும் வண்டியின் வேகம் அந்தக் காற்றை உண்டாக்குகிறது. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கியதும் மூளையின் தெளிவு குன்றத் தொடங்கும். பேச்சுக் குழறும், விரல்கள் தடுமாறும், முடிவுகள் பிழைக்கும். “எனக்கு ஒன்றுமில்லை, போகலாம்” என்று அவர் உறுதியாகச் சொல்வார். நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம் நின்றுவிட்டால் அவர் தேறிவிட்டார் என்று எண்ணற்க. நிலைமை மோசமடைந்ததன் அறிகுறி அது.

இரண்டாவது மது. மது அருந்தியவருக்கு உடல் சூடாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் தோலின் இரத்தக்குழாய்கள் விரிந்து உள்வெப்பத்தை வெளியே கொட்டுகின்றன. துணிவு கூடுகிறது, கணிப்புக் குறைகிறது. கார் ஓட்டுவோருக்குரிய குற்றவியல் சட்டமே பனிவண்டி ஓட்டுபவருக்கும் பொருந்தும் என்பதைப் பலர் அறியார். நண்பகல் உணவோடு ‘ஒன்று மட்டும்’ என்பதும் வேண்டாம். குடிப்பதானால் வண்டியின் திறப்பைக் கொடுத்துவிட்டு, இரவு தங்குமிடத்தில் குடியுங்கள்.

மூன்றாவது இரத்தச் சர்க்கரை தாழ்தல். எங்கள் சமூகத்தில் நீரிழிவு மிகுதி. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர், ஆழ்ந்த பனியில் சிக்கிய 200 கிலோவுக்கும் மேற்பட்ட வண்டியை இழுத்துத் தள்ளினால், சர்க்கரை வேகமாகக் குறையும். நடுக்கம், குழப்பம், எரிச்சல் ஆகிய அதன் அறிகுறிகளைக் குளிரின் விளைவென்று எண்ணி விட்டுவிடுவோம். மதுவும் சேர்ந்தால் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவது தடைப்பட்டு நிலைமை இன்னும் மோசமாகும்.

இம்மூன்றிலும் ஓட்டுபவரின் கணிப்பை நம்ப இயலாத வேளை வருகிறது. அவ்வேளையில் பின்னால் அமர்ந்திருப்பவரின் கணிப்பே குடும்பத்தின் பாதுகாப்பு. அவர் வாயை மூடிக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு அற்றுப்போகும்.

பனிக்கட்டியைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். பனிவண்டி ஓடுவதற்கு 25 சென்ரிமீற்றர் தடிப்பான பனிக்கட்டி வேண்டும் என்பது கனடியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவுரை. அந்த அளவும் தெளிந்த, நீலநிறப் பனிக்கட்டிக்கே உரியது. பனித்தூள் நனைந்து உறைந்த வெண்ணிறப் பனிக்கட்டியின் வலிமை ஏறத்தாழ அதன் பாதிதான். சாம்பல் நிறமோ, நீர் கலந்திருப்பதன் அடையாளம்; அதன்மேல் கால் வைக்கலாகாது. ஓடை கலக்கும் இடம், பாலத்தின் அடி, படகுத்துறையின் ஓரம் ஆகியவற்றில் நீர் ஓடிக்கொண்டே இருப்பதால், ஏரியின் நடுவில் உறுதியாக உள்ள பனிக்கட்டியும் அங்கே மெலிந்திருக்கும். எங்கள் கருத்து எளியது: உள்ளூர்ச் சங்கத்தினர் குறித்துத் திறந்துவைத்த தடத்தை விட்டு, முன்பின் தெரியாத ஏரியின்மேல் நேரத்தை மிச்சம் பிடிக்க எவரும் இறங்க வேண்டாம்.

அப்படியும் விழுந்துவிட்டால் மூன்று எண்களை நினைவிற் கொள்ளுங்கள்: ஒன்று, பத்து, ஒன்று. மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் குளிரின் விளைவுகளை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய பாடம் இது. முதல் ஒரு நிமிடம் மூச்சு வாங்கி அடிக்கும். தலையை நீருக்கு மேலே வைத்து, அது தணியும்வரை பொறுங்கள். அடுத்த பத்து நிமிடம் கைகால்கள் சொற்கேட்கும். அதற்குள் வெளியேற முயலுங்கள். உள்வெப்பம் வீழ்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். எனவே பதற்றம் வேண்டாம். வந்த திசைக்கே திரும்புங்கள், ஏனெனில் உங்களைச் சுமந்த பனிக்கட்டி அங்கேதான் இருக்கிறது. கைகளை அதன்மேல் நீட்டி, காலால் நீரை உதைத்து மேலேறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள்.

உறைந்த விரலைப் பனியால் தேய்க்கும் பழக்கம் இன்னும் உள்ளது. அது திசுவைச் சிதைக்கும். மீண்டும் உறையும் வாய்ப்பு இல்லாத இடத்தில் மட்டுமே, 37 முதல் 39 பாகை வரையான வெந்நீரில் அதை இளக்கலாம். உறைதல் ஆழமானது என்று ஐயம் எழுந்தால் காலந்தாழ்த்தாதீர்கள். தகுந்த நோயாளிகளுக்கு, இளகிய 24 மணி நேரத்துக்குள் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்து விரல்களைக் காப்பாற்ற முடிகிறது.

இனி, எங்கள் நோயாளிகளுக்குத் தனியே சில சொற்கள். இன்சுலினை வண்டிப் பெட்டியில் வைக்காதீர்கள். உள்ளாடைக்கும் மேலாடைக்கும் இடையே வைத்திருங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் பயனற்றது. சர்க்கரைமானியும் கடுங்குளிரில் வேலை செய்யாது. அதையும் உடலோடு வைத்திருங்கள். பாதத்தில் உணர்வு குன்றியவர் மணிக்கொரு தடவை சூடான இடத்தில் நின்று பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். வலிக்கவில்லை என்பது அவர்களுக்கு ஆறுதல் ஆகாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், காயம் சிறிதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவரும், நடக்கும்போது நெஞ்சுவலி வருபவரும், கருவுற்றவரும் இவ்வாண்டு தங்குமிடத்தின் கணப்பருகே இருப்பதே நன்று. மருந்துப் பட்டியலை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் பாதுகாப்பானது என்று கருதுவதும் தவறு. ஒன்ராறியோவில் உரிய அனுமதிப்பத்திரம் பெற்ற 12 வயதுப் பிள்ளை தடத்தில் பனிவண்டி ஓட்டலாம். கனடியக் குழந்தை மருத்துவர் சங்கமோ, 16 வயதுக்கு உட்பட்டோர் ஓட்டக்கூடாது என்கிறது. நாங்கள் சங்கத்தின் பக்கமே நிற்கிறோம். தடத்தில் சட்டம் விதித்த உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர்; வளைவிலும் இருளிலும் அதுவும் மிகையே.

எவர் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றால் பயணமே நடவாது என்று சிலர் சொல்லக்கூடும். இந்த விதியைக் கைக்கொண்ட குடும்பங்களில் நாங்கள் கண்டது வேறு. திரும்பலாம் என்ற உறுதி இருப்பதால் அஞ்சியவரும் மகிழ்ச்சியோடு ஏறுகிறார். ஓட்டுபவரும், பின்னால் இருப்பவரின் பொருட்டு, அளவோடு ஓட்டுகிறார். வாடகைப் பணம் வீணாகுமே என்பது இன்னொரு கவலை. சத்திரசிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களில் அந்தக் குடும்பம் இழந்த சம்பளம் எவ்வளவு என்று நாங்கள் அறிவோம்.

நூனாவுட்டில் ஓர் ஊரையும் மற்றோர் ஊரையும் இணைக்கும் வீதி கிடையாது. அங்குள்ள இனுயிற் மக்களுக்குப் பனிவண்டி வேட்டைக்கும் உறவினரைக் காண்பதற்கும் உரிய அன்றாடத் தேவை. அவர்கள் பனிக்கட்டியைப் படித்தறியும் கலையைத் தலைமுறைகளாகக் கற்றவர்கள். அரை மணி நேர அறிமுகம் பெற்று ஏறும் நமக்கு அக்கலை இல்லை. இல்லாத இடத்தில், அடக்கமே அதற்கு ஈடு.

ஆகவே போய் வாருங்கள். வெண்பனி மூடிய ஊசியிலைக் காட்டின் அமைதியை உங்கள் பிள்ளைகளும் காணட்டும். புறப்படுமுன், உணவு மேசையில் எல்லாரையும் அமர்த்தி அந்த ஒரு விதியைச் சொல்லுங்கள். முதலில் சொல்ல வேண்டியவர் வண்டியை ஓட்டப்போகிறவர். “நீங்கள் திரும்பச் சொன்னால் நான் திரும்புவேன்” என்று அவர் வாயாலேயே சொல்லட்டும்.

நாங்கள் பேசிய அந்தக் குடும்பம் கடந்த பனிக்காலத்தில் மீண்டும் வடக்கே சென்றது. இம்முறை ஏரியின் ஓரத்தில் வண்டி நின்றதும், அம்மையார் “போதும், திரும்பிப் போவம்” என்றாராம். கணவர் ஒரு சொல்லும் பேசாமல் வண்டியைத் திருப்பினாராம். அடுத்த வழக்கமான பரிசோதனைக்கு வந்தபோது இருவரும் சிரித்தபடியே அதைச் சொன்னார்கள்.