களைப்புக்கும் ரத்தம் பாருங்கள்

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண் "உடம்பே அசையல" என்றால், சோம்பேறி என்கிறது ஊர். அவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தாலோ, "அந்த நோய்தான், வேறென்ன?" என்று பேச்சை முடித்துவிடுகிறது. நம் சேரிகளில் இந்த இரண்டு பட்டங்களும் சேர்ந்தே விழுகின்றன.

எச்.ஐ.வி. முற்றிய நிலையில் தைராய்டு சுரப்பியும் கெடலாம். சுரப்பு குறைந்தால் ஓயாத களைப்பு, உடல் ஊதுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, மனச்சோர்வு. எல்லாமே எச்.ஐ.வி.யின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. கூட்டு மருந்து தொடங்கி ஓராண்டு, ஈராண்டு கழிந்து, சிடி4 அணுக்கள் ஏறி ஆள் தேறிவரும் நேரத்தில், மீண்டுவரும் எதிர்ப்பாற்றலே சிலருக்குத் தைராய்டைத் தூண்டிவிடுகிறது. கிரேவ்ஸ் நோய் என்பார்கள். அரிதுதான். வந்தால் உடல் மெலியும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். பார்ப்பவர்களுக்குப் பழைய நோய் திரும்பியது போலவே தோன்றும். "மாத்திரை கேக்கல" என்று கூட்டு மருந்தை நிறுத்திவிட்டால், அடக்கிவைத்த கிருமி மறுபடி பெருகும். நாம் அஞ்சுவது இதற்குத்தான்.

டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை போதும், பெரும்பாலும் விஷயம் பிடிபட்டுவிடும். கடும் காய்ச்சலில் கிடப்பவருக்கு அளவு மாறிக் காட்டலாம். மருத்துவர் திரும்ப எடுக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். சுரப்பு குறைவுக்கு தைராக்சின் மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்குத் தைராக்சின் அளவைக் கூட்ட நேரலாம். எனவே எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லா மாத்திரைகளையும் காட்டுங்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். மருத்துவர்கள் சுனிதி சாலமன், நிர்மலா ஆகியோரின் உழைப்பால். 2004 முதல் கூட்டு மருந்தை அரசே இலவசமாகத் தருகிறது. பெருமைதான். ஆனால் மணமேல்குடியிலிருந்தும் ஆவுடையார்கோவிலிலிருந்தும் புதுக்கோட்டைக்கு வருகிற கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி. அறிகுறி உள்ளவர்களுக்கு, மருந்து வாங்க வரும் நாளிலேயே தைராய்டுக்கும் சேர்த்து ரத்தம் எடுக்க வேண்டும். தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பக் கூடாது. மாவட்ட நிர்வாகம் இதை உத்தரவாகவே போடலாம்.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவரது நோய் நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது. சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதற்கும் தடை உண்டு. சாதி கேட்டும் நோய் கேட்டும் தள்ளி நிற்கிறவர்களிடம் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். விவரம் வேண்டுவோர் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.