யந்திரம் பொய் சொல்லுமா?

மனிதன் பொய் சொல்லுவான், யந்திரம் பொய் சொல்லாது என்று நம்மவர்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது எவ்வளவு ஏமாந்த நம்பிக்கை என்பதற்கு ஈரான் தேசத்தில் நடந்த ஒரு சங்கதியே போதிய ருஜுவாகும்.

அத்தேசத்தில் நத்தன்ஸ் என்னுமிடத்தில் பூமிக்கடியில் ஒரு அணுசக்தி ஆலை கட்டப்பட்டது. 2002-ல் பிறர் வெளிப்படுத்தும் வரை ஈரான் சர்க்கார் அதை மறைத்தே வைத்திருந்தது. அங்கு யுரேனியத்தைச் செறிவாக்குவதற்காக ஆயிரக்கணக்கான உருளை யந்திரங்கள், வினாடிக்குச் சுமார் ஆயிரம் சுற்று வீதம் சுழன்றுகொண்டிருந்தன. வேகம் அளவு தப்பினால் யந்திரம் உடைந்துபோகும். அந்த வேகத்தை நடத்துவன கம்ப்யூட்டர்களே. அவைகளுக்கு வெளியுலகத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லையாதலால், எவரும் உள்ளே வரமுடியாது என்று நினைத்திருந்தார்கள்.

ஆனால், பென்டிரைவில் ஏறியும் பரவக்கூடிய ஸ்டக்ஸ்நெட் என்னும் கம்ப்யூட்டர் கிருமி உள்ளே போய்விட்டது. வினாடிக்கு 1,064 ஆக இருக்கவேண்டிய மின்சாரத் துடிப்பை அது 1,410-க்கு ஏற்றும். பின்னொரு நாள் 2-க்கு இறக்கும். மறுபடியும் பழையபடி விட்டுவிடும். அச்சமயத்திலெல்லாம் கண்காணிப்பவர்களின் திரையில் யாவும் ஒழுங்காக நடப்பதாகவே காட்டும். 2009 கடைசியிலும் 2010 தொடக்கத்திலுமாகச் சுமார் ஆயிரம் யந்திரங்கள் கழற்றப்பட்டன.

இது அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்த வேலை என்று 2012-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை எழுதிற்று. அவ்விரு சர்க்கார்களும் வாய் திறந்து ஒப்புக்கொள்ளவில்லை. 2025 ஜூனிலோ இருவரும் நத்தன்ஸின் மீது பகிரங்கமாகவே குண்டு போட்டார்கள். பிறன் அணுகுண்டு செய்துவிடுவானோ என்று பதறுகிற அமெரிக்காவினிடம் அணுகுண்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே, அந்த நியாயத்தை யார் கேட்பது?

நிற்க, யந்திரங்கள் உடைந்தபோது ஈரான் அதிகாரிகள் செய்ததென்ன? திரையைச் சந்தேகிக்காமல் ஆளைச் சந்தேகித்தார்கள். சிலருக்கு வேலையும் போயிற்று என்று அப்பத்திரிகையே சொல்லுகிறது. பிறகுதான் யந்திரத்தண்டையிலேயே ஆட்களை உட்காரவைத்து, கண்ணால் கண்டதை ரேடியோவில் சொல்லச் செய்தார்களாம். காட்டியதை நம்பாமல் சோதித்துப் பார்ப்பது என்கின்ற இந்தக் காரியத்தைத்தான் நாம் பகுத்தறிவு என்கிறோம்.

ஈரானில் நடப்பது மதகுருமார்கள் ஆட்சி. இஸ்ரேல் தன்னை யூதர் தேசமென்று சட்டமே செய்துகொண்டது. அமெரிக்காவோ தன் நாணயத்திலேயே கடவுளைப் பொறித்திருக்கிறது. இத்தனை கடவுள்களில் ஒருவராவது இந்தக் கிருமியைக் காட்டிக் கொடுத்தாரா? பெலாரஸ் தேசத்துச் சிறு கம்பெனிக்காரர்கள், ஈரானில் ஒரு கம்ப்யூட்டர் ஏன் ஓயாமல் நின்று நின்று புறப்படுகிறது என்று ஆராய்ந்து 2010-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டிலோ ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். இக்கிருமி மிகுதியாகத் தொற்றிய தேசங்களில் இந்தியாவும் ஒன்று. குங்குமம் எதைத் தடுத்தது?

இனி, நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 2019 அக்டோபர் 29-ந் தேதி, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு யந்திரங்களை இப்படித் தாக்கவே முடியாது என்று அறிக்கை விட்டார்கள். மறுநாளே, அங்குள்ள அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்றில் கெட்ட கிருமி புகுந்தது உண்மைதான் என்றும், செப்டம்பர் 4-ந் தேதியே அது தெரியவந்தது என்றும் மேலதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். உலையை நடத்தும் கம்ப்யூட்டர்கள் தனியாக இருப்பதால் பயமில்லை என்றார்கள். இருக்கலாம். ஆனால் நத்தன்ஸிலும் தனியாகத்தானே இருந்தன? ஏறக்குறைய எட்டு வாரம் நமக்குச் சொல்லாததற்கு என்ன சமாதானம்?

ரகசியம் என்று சொல்லி அறிவைப் பூட்டிவைப்பது, வேதத்தைக் காதால் கேட்டாலும் பாவம் என்று விலக்கிவைத்த புரோகிதத்தின் மறுபிறப்பேயாகும். பூட்டின் சாவியையும் சூத்திரத்தையும் ஒளித்து வைக்கட்டும், அது அவசியந்தான். ஆனால் அபாயத்தை ஒளிக்க எவருக்கும் பாத்தியமில்லை. ஆலையை நடத்துகிறவர்களுக்குக் கட்டுப்படாத நிபுணர்கள் சோதிக்கவேண்டும். குறை கண்டால் அன்றே பொதுமக்களுக்குச் சொல்லவேண்டும். உலையின் பக்கத்தில் பிள்ளை குட்டிகளோடு வாழும் மீனவனுக்கும் கூலிக்காரனுக்கும் இதைக் கேட்கும் உரிமை உண்டு. திரை சொன்னாலும் சர்க்கார் சொன்னாலும், ருஜு எங்கே என்று கேட்கப் பழகுங்கள், தோழர்களே!